வெள்ளை அட்டையிலிருந்து தொடங்குவோம்



"எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு சோலார் போட்டுத் தரலாம் என்று நண்பர்கள் நாலைந்து பேர் நினைக்கிறோம். யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும்?" கொஞ்ச காலமாகவே இப்படியொரு கேள்வி பல ஊர்களிலிருந்தும் வருகிறது. சிலர் பள்ளி என்கிறார்கள், சிலர் கிளை நூலகம் என்கிறார்கள், இன்னும் சிலருக்கு ஆரம்ப சுகாதார நிலையம். வெளியூரில் சம்பாதித்துக்கொண்டு, பிறந்த ஊருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிப்பவர்கள் இவர்களில் நிறைய. இந்த மாதப் பக்கம் அவர்களுக்காக. செலவுக் கணக்கும் பேசுவோம். அதற்கு முன்னால் ஓர் ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காடு என்று பெயர்பெற்ற மலைப்பகுதியில் இருக்கிறது ஷோனாவ். மக்கள்தொகை சுமார் 2,500. நம் கணக்கில் அது ஒரு பெரிய கிராமம்தான். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுஉலை வெடித்தபோது கிளம்பிய கதிரியக்கத் துகள்களைக் காற்று ஐரோப்பா முழுக்கச் சுமந்து போனது. தென் ஜெர்மனியில் பெய்த மழை அவற்றைத் தரையில் இறக்கிவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, தோட்டத்துக் கீரையைப் பறிக்கலாமா, பிள்ளைகளை மணலில் விளையாட விடலாமா? எங்கோ வெடித்த உலையின் கேள்விகள் ஷோனாவின் சமையலறைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பெற்றோர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். உர்சுலா ஸ்லாடெக், அவருடைய கணவர் மிகாயேல் ஸ்லாடெக் இருவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். உர்சுலா ஆசிரியர் பயிற்சி முடித்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். மிகாயேல் அந்த ஊர் டாக்டர். இருவருமே மின்துறைக்காரர்கள் அல்லர்.

அணுமின்சாரம் வேண்டாம் என்று ஊர்வலம் போய்க் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்திருக்கலாம். அவர்கள் வேறொரு வேலையில் இறங்கினார்கள். வேண்டாத மின்சாரத்தை முதலில் நம் வீட்டில் குறைப்போம் என்று மின்சேமிப்புப் போட்டி அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு மீட்டரைப் பார்த்து, எது எவ்வளவு இழுக்கிறது என்று கற்றுக்கொண்டார்கள். நன்றாகக் குறைத்த குடும்பங்களுக்குப் பரிசும் உண்டு. 'வாட்கில்லர்' என்று பெயர் வைத்துக்கொண்டு மேடையேறி, பாட்டும் கேலியுமாக இந்தச் செய்தியைச் சொன்ன ஒரு கலைக்குழுவும் அவர்களிடம் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. பயத்தில் தொடங்கிய ஒரு காரியத்தைச் சிரிப்போடு நடத்திக்கொண்டு போகத் தெரிந்தவர்களால்தான் பல வருஷங்கள் தாக்குப்பிடிக்க முடியும்.

மீட்டரைப் படிக்கத் தெரிந்ததும் பில்லையும் படிக்கத் தெரிந்துவிட்டது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துகிறவருக்குக் கட்டண முறை எந்தச் சலுகையும் தரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வட்டாரத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்திடம் போய், கட்டணத்தை மாற்றுங்கள், சிக்கனத்துக்கு உதவுங்கள் என்று கேட்டார்கள். நிறுவனம் அசைந்து கொடுக்கவில்லை. மின்சாரம் விற்றுப் பிழைப்பவரிடம் போய்க் குறைவாக விற்கச் சொன்னால் வேறென்ன பதில் கிடைக்கும்? ஆனால் அந்த மறுப்பிலிருந்துதான் ஷோனாவின் பெரிய கதை தொடங்குகிறது.

ஊருக்குள் மின்கம்பி இழுத்து விநியோகிக்கும் உரிமையை நகராட்சிதான் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் கொடுத்திருந்தது. அந்த ஒப்பந்தம் 1994-இல் முடிய வேண்டும். நிறுவனம் முந்திக்கொண்டு, இப்போதே இன்னும் 20 வருஷத்துக்கு நீட்டித்துக் கொடுங்கள், 1 லட்சம் மார்க் தருகிறோம் என்று நகராட்சிக்கு ஆசை காட்டியது. அதே 1 லட்சத்தை நாங்கள் தருகிறோம், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அந்தப் பெற்றோர் குழுவின் தன்னார்வலர்கள் ஊருக்குள் வசூலில் இறங்கினார்கள். பணமும் சேர்ந்தது. நகர்மன்றம் அதற்கும் மசியாமல் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தபோது, மக்களிடமே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். 1991 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் தன்னார்வலர்களின் பக்கம் நின்றார்கள். பிறகு அவர்களே ஒரு மின்நிறுவனம் தொடங்க, எதிர்த்தரப்பு இன்னொரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. 1996 மார்ச்சில் நடந்த அதிலும் ஜெயித்தார்கள். இந்த முறை 52 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு முறையும் கதவு கதவாகத் தட்டிப் பேசியிருக்கிறார்கள். சின்ன ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்து வாக்களித்தவரும் நாளைக்கு அதே ரொட்டிக் கடையில்தான் நிற்பார்.

வாக்கெடுப்பில் ஜெயித்தாலும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் பழைய நிறுவனத்துக்குச் சொந்தம். அதற்கு அவர்கள் சொன்ன விலை 87 லட்சம் மார்க். தன்னார்வலர்கள் போட்ட மதிப்போ அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. இதற்காக நாடு தழுவிய நன்கொடை இயக்கம் ஒன்று நடந்தது. விளம்பர வேலையைத் தொழில்முறைக்காரர்களே இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். ஷோனாவ் எங்கிருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் பணம் அனுப்பினார்கள். நிறுவனம் விலையை 57 லட்சத்துக்கு இறக்கியது. அதுவும் அதிகம் என்று தெரிந்தே, வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பணத்தைக் கட்டி, 1997 ஜூலை 1 அன்று ஊர் தன் மின்கம்பியைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. நியாயமான விலை சுமார் 35 லட்சம்தான் என்று பிற்பாடு முடிவாகி, கூடுதலாகக் கட்டியது திரும்பி வந்தது.

சோலார் எங்கே என்று கேட்பீர்கள். அது 1999-இல் வந்தது. ஊரின் புராட்டஸ்டண்டு தேவாலயக் கூரை மேல் சூரிய ஒளிப் பலகைகள் ஏறின. ஊரார் கண்ணில் படுகிற கூரை அது. அந்தப் பலகைகளுக்கு வயதைக் கணக்கிடுவதானால் 1986-இலிருந்து கணக்கிட வேண்டும் என்பேன். இடையில் ஓடிய 13 வருஷங்களில் அந்த ஊர்க்காரர்கள் மீட்டர் படித்தார்கள், பில் படித்தார்கள், ஒப்பந்தம் படித்தார்கள், மாறுபட்ட கருத்துள்ள பக்கத்து வீட்டுக்காரரோடு பேசப் படித்தார்கள். கூரையில் பலகை மாட்டியது எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த ஊர்க்காரர்கள் தொடங்கிய நிறுவனம் இன்று கூட்டுறவு அமைப்பாகி, ஜெர்மனி முழுவதும் வாடிக்கையாளர்களுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் விற்கிறது. உர்சுலாவுக்கு 2011-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

நம் ஊர்களில் இந்த வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. பலகை முதலில் வந்துவிடுகிறது. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு, ரிப்பன், பொன்னாடை, புகைப்படம். இரண்டு கோடை கழித்து அதே கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள். பலகை மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி. பக்கத்து வேப்பமரம் வளர்ந்து மதியத்துக்கு மேல் பாதிப் பலகைகளுக்கு நிழல். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அது எதற்காக எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. போட்டுக் கொடுத்தவர் கொடுத்த கைபேசி எண் உபயோகத்தில் இருக்காது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்களும் நல்லவர்கள்தான். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று எழுதிவைக்காததுதான் குறை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பொறுக்காது, ஏனென்றால் பழுதாகி நிற்கும் ஒரு பலகை அந்த ஊரில் அடுத்த பத்து முயற்சிகளுக்குத் தடையாகிவிடுகிறது. "சோலார்தானே, அது இங்கே சரிப்படாதுங்க" என்று சொல்வதற்கு எல்லாருக்கும் கண்ணெதிரே ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. பலகை விற்பவரைப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் மனதில் வைத்திருக்கும் கட்டடத்தின் மீட்டர் பெட்டியைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியிலோ தலைமையாசிரியர் அறையை ஒட்டிய சுவரிலோ இருக்கும். பழைய கட்டடம் என்றால் ரீடிங் எடுப்பவர் பேனாவால் எழுதிய வெள்ளை அட்டை இன்னும் அங்கே செருகியிருக்கலாம். இல்லாவிட்டால் இணைப்பு எண்ணை வைத்துப் பழைய பில்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்கான யூனிட்டை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது? பில்லை யார் கட்டுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நம் பொதுக் கட்டடங்களில் மின்விசிறிக்குக் கீழே உட்காருபவர் ஒருவர், பில் கட்டுவது வேறெங்கோ இருக்கும் ஓர் அலுவலகம். வகுப்பறையில் உட்காரும் ஆசிரியர் அந்தப் பில்லைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். வெட்டியாக ஓடும் விசிறியை நிறுத்தினால் யாருக்கு என்ன மிச்சம் என்று தெரியாத இடத்தில், நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே வராது. மாதாமாதம் யூனிட்டைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு நாள்கூடத் தவறாது.

அடுத்தது சேமிப்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து வகுப்பறைகள், அறைக்கு நாலு விசிறி, மொத்தம் 40. சாதாரண விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். எல்லாம் சேர்ந்து 3,000 வாட், பள்ளி நேரம் ஆறு மணி என்று வைத்தால் நாளைக்கு 18 யூனிட். இப்போது கடைகளில் கிடைக்கும் பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கிறது. அதை மாட்டினால் 18 யூனிட் 7 யூனிட்டாக இறங்கிவிடும். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் சோலார் பலகை நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் கொடுக்கும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத மாடி வேண்டும். பழைய விசிறிகளை அப்படியே வைத்துக்கொண்டால் நாலரை கிலோவாட் தேவை. மாற்றிவிட்டால் இரண்டே போதும். பலகைக்கான செலவும் இடமும் பாதிக்கு மேல் குறைகிறது. சோக் வைத்த பழைய டியூப் லைட்டுகளை எல்இடியாக மாற்றினால் அதிலும் இதே லாபம். ஷோனாவ்க்காரர்கள் சேமிப்பிலிருந்து ஏன் தொடங்கினார்கள் என்பதை இந்த ஒரு கணக்கே விளக்கிவிடும். புது விசிறிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும்.

நம் மண்ணிலும் இப்படி வரவு செலவிலிருந்து தொடங்கிய ஊர் உண்டு. கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும் பெருகப் பெருக, ஊராட்சியின் வருமானத்தைக் கரண்ட் பில் தின்றுகொண்டிருந்தது. சோலார் தெருவிளக்கு, மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்துத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். கடைசியில் 2006-இல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, உடுமலைப்பேட்டைப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கே பலமாக அடிக்கிறதோ அங்கே போய் நட்டார்கள். ஊருக்கு வேண்டிய அளவுக்கு மேல் உற்பத்தியானதை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு நிற்காமல், அது ஏன் ஏறுகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஊராட்சி அது.

சரி, சேமித்தாகிவிட்டது, இனி பலகை. கட்டடத்துக்குக் கட்டடம் கணக்கு மாறும். பள்ளி வெயில் நேரத்தில் இயங்குவதால் சோலாருக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் வெயில் கொளுத்துகிற மே மாதம் பள்ளிக்கு விடுமுறை. அந்த மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போய் உங்கள் கணக்கில் ஏற வேண்டுமானால் அதற்கான மீட்டரும் ஒப்புதலும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். கிளை நூலகத்தில் கூட்டம் சாயங்காலம் வரும், அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், பிரசவம் ராத்திரி பகல் பார்த்து வராது. அங்கே பேட்டரி அவசியம். பலரும் அறியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே ஊருக்குச் சொல்லாவிட்டால், முதல் மின்வெட்டிலேயே "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு கிளம்பிவிடும்.

மாடியைப் பற்றி ஒரு வார்த்தை. தளத்தில் துளை போட்டுச் சட்டம் நிறுத்தினால் அடுத்த ஐப்பசியில் வகுப்பறைக்குள் ஒழுகும். கான்கிரீட் கட்டைகளின் பாரத்தில் நிறுத்துவது நல்லது. அந்தப் பாரத்தைக் கட்டடம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும். கட்டடம் எந்தத் துறைக்குச் சொந்தமோ அந்தத் துறையின் அனுமதி எழுத்தில் வேண்டும். வாய்மொழியாகத் தலையாட்டிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் நீங்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. வீடுகளுக்காக மத்திய அரசு 2024-இல் அறிவித்த சூரிய வீடு திட்டத்தின் 78 ஆயிரம் ரூபாய் வரையிலான மானியம் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கிடைக்காது, அதை நம்பி இறங்காதீர்கள். தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்கென்றே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற அமைப்பு 2022-இல் தொடங்கப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. அங்கே தீர்மானம் போட்டு, கிராம சபையிலும் வைத்து நிறைவேற்றுங்கள். நாலு நண்பர்களின் ஆசை அப்போதுதான் ஊரின் காரியமாக மாறும்.

பராமரிப்புக்கு வருகிறேன். பலகை 25 வருஷம் உழைக்கும். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது, இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான தொகையை முதல் நாளே தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். பலகையைக் கழுவ அதிகாலையோ சாயங்காலமோ ஏற்ற நேரம், சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்வெல்லின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது. நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும். மாதம் இருமுறை இதைச் செய்ய இரண்டு பேரின் பெயரும், அவர்கள் ஊரில் இல்லாதபோது செய்ய இன்னும் இரண்டு பேரின் பெயரும் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இந்த நாலு பெயர்கள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி நீங்கள் எழுத வேண்டும். எந்தக் கட்டடம், கடந்த ஒரு வருஷத்தில் பில்லுக்கு எத்தனை யூனிட், விசிறியும் விளக்கும் எத்தனை, மாடியில் எந்த நேரத்தில் எந்த மரத்தின் நிழல் விழுகிறது, பார்த்துக்கொள்ள முன்வருபவர்கள் எத்தனை பேர் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர்களும், எலக்ட்ரீஷியன்களும், பாலிடெக்னிக் ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமானால், ஊர்ப் பெயரோடு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இரண்டு தரப்பையும் சேர்த்து வைக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வரும் கணக்குகளை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம், பலகை போட்டவர்களுடையது மட்டுமல்லாமல், விசிறியை மாற்றியதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொண்டவர்களுடையதும்.

அன்புடன்,
ஆசிரியர்